பாறை ஏறுகிறது, ஆனால் நகரவில்லை

ஒகேனக்கல் தொங்கு பாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் படம் எடுக்கிறார்கள், அருவியோடு தங்களையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு மீன் வறுபடும் வாசனை வரும் பக்கமாக நடந்துவிடுகிறார்கள். அருவியை நின்று பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. விழும் நீரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை அலையவிடாமல், ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்கு மாற்ற வேண்டும். பாறை மேலே ஏறத் தொடங்கும்.

மருத்துவம் படிக்கும் என் அக்கா மகனை அழைத்துப்போய் இதைச் செய்து பார்க்கச் சொன்னேன். “மாமா, பாறை ஏறுகிறது” என்றான். இரண்டு நொடி கழித்து, “ஆனால் அங்கேயேதான் இருக்கிறது” என்றான். முதலில் சொன்னதை யாரும் சொல்வார்கள். அடுத்ததைக் கவனிக்கத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பரிசல் ஓட்டியிடமும் கேட்டோம். சின்ன வயதிலிருந்தே பார்ப்பதாகவும், வெயிலில் வரும் கிறுகிறுப்பு என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

கிறுகிறுப்பு என்று விடாமல் எழுதி வைத்தவர் ராபர்ட் ஆடம்ஸ். 1834இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் அவர் கண்டதும் இதுவேதான். ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டு நிலையான பொருளைப் பார்த்தால் அது நகர்வதாகத் தோன்றும் என்பதை அரிஸ்டாட்டில் முன்பே குறித்திருக்கிறார். ஆனாலும் ‘அருவி மாயை’ என்ற பெயர் நிலைத்ததற்கு ஆடம்ஸின் குறிப்பே காரணம். அவர் தந்த விளக்கம் மட்டும் பிசகிவிட்டது. நீரைத் தொடர்ந்து பார்த்த விழி, பழக்கத்தில் தானாகவே கீழே வழுகிக்கொண்டிருக்கிறது, அதனால் பாறை ஏறுவதாகத் தெரிகிறது என்றார் அவர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரும் பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தால் இதைச் சரிபார்க்கலாம். மலைப்பாதையில் கண்ணாடிக்கு வெளியே காட்சி நடுவிலிருந்து நாலாபுறமும் விரிந்துகொண்டே வரும். பஸ் நின்றதும் எதிரே இருப்பதெல்லாம் உள்நோக்கிச் சுருங்குவதுபோல் ஒரு கணம் தோன்றும். ஒரு விழி ஒரே நேரத்தில் நாலாபுறமும் வழுகாது.

பிறகு எது? மூளையின் பார்வைப் பகுதிகளில் திசைக்கேற்ற நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. கீழ்நோக்கிய அசைவுக்கு வேகமாகத் துடிப்பவை ஒரு கூட்டம், மேல்நோக்கிய அசைவுக்கு இன்னொரு கூட்டம். அசையாத பாறையைப் பார்க்கும்போதும் இரண்டும் சும்மா இருப்பதில்லை, மெல்லத் துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்பதுபோல இரண்டும் ஈடாக இருந்தால் ‘அசைவில்லை’ என்று பொருள். ஒரு நிமிடம் அருவியைப் பார்த்ததில் ‘கீழே’ என்று சொல்லும் கூட்டம் களைத்துப்போகிறது. பாறைக்குப் பார்வை வரும்போது அந்தத் தட்டு இலேசாகிவிட்டது. ‘மேலே’ என்கிற கூட்டம் புதிதாக எதையும் சொல்லவில்லை, வழக்கமான முணுமுணுப்புதான். எதிர்ப்பக்கம் குரல் தாழ்ந்துவிட்டதால் அந்த முணுமுணுப்பே தீர்ப்பாகிறது. (களைப்பு என்ற சொல்லை இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.)

இது கண்ணுக்குள் நடக்கிறதா, மூளைக்குள் நடக்கிறதா என்பதையும் பாலத்திலேயே சோதிக்கலாம். இடக்கண்ணைக் கையால் மூடி, வலக்கண்ணால் மட்டும் அருவியைப் பாருங்கள். பிறகு கையை மாற்றி, இடக்கண்ணால் பாறையைப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனாலும் பாறை ஏறும். அருவியையே பார்க்காத கண் அது. ஆக, இரண்டு கண்களின் செய்தியும் ஒன்றுசேரும் இடத்தில்தான் முக்கியமான வேலை நடந்திருக்க வேண்டும். அந்த இடம் விழித்திரையில் இல்லை, தலையின் பின்புறத்தில், மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் இருக்கிறது.

இப்போது அக்கா மகனின் அடுத்த வாக்கியத்துக்கு வருவோம். ஏறும் பொருள் ஏறினால் இடம் மாற வேண்டும். பாறை ஏறுகிறது, இடம் மாறவில்லை. உலகில் எந்தப் பொருளாலும் செய்ய முடியாத காரியம் இது. ஆனாலும் அது கண்முன் நடக்கும்போது நாம் குழம்பிப்போவதில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறோம். அசைவு ஒரு பகுதியிலும் இடம் வேறு பகுதியிலும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால்தான் இப்படி ஒரு முரண் ஒரே காட்சியாகத் தோன்ற முடிகிறது.

அசைவுக்கென்றே ஒரு பகுதி உண்டு என்பது 1970களின் தொடக்கத்தில் குரங்குகளின் மூளையில் தெரியவந்தது. அதன் மனித முகத்தைக் காட்டியது 1983இல் வெளியான ஒரு நோயாளியின் குறிப்பு. மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் பாதிக்கப்பட்ட ஜெர்மானியப் பெண் அவர். நிறம், வடிவம், முகம், எழுத்து எல்லாம் அவருக்குத் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. தேநீர் ஊற்றும்போது திரவம் உறைந்த பனிக்கட்டிபோல நிற்கும், கோப்பை நிரம்புவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. தூரத்தில் இருந்த கார் இடைப்பட்ட வழியே இல்லாமல் திடீரென்று அருகில் இருக்கும். சாலையைக் கடக்கவே அவர் அஞ்சினார். ஒகேனக்கல்லை அவருக்குக் காட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? வெள்ளையாக ஒரு சுவர் தெரிந்திருக்கலாம்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் செய்து பார்த்திருக்கிறார்கள். குரங்கின் மூளையில் அதே பகுதியில், ஒரு திசைக்கென இருக்கும் நியூரான்களுக்கு மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியபோது, திரையில் புள்ளிகள் எப்படி நகர்ந்தாலும் குரங்கின் தீர்ப்பு அந்தத் திசைப் பக்கமாகச் சாய்ந்தது. இது 1990இல் வெளியான ஆய்வு.

இதிலிருந்து ‘எல்லாம் மாயை’ என்று ஒரே தாவாகத் தாவிவிடும் பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாவலில் எனக்கு உடன்பாடில்லை. பாறை ஏறுவது மாயைதான். ஆனால் அதில் பரிசல் மோதினால் கவிழ்வது மாயை இல்லை. மூளை யூகிக்கிறது என்பது உண்மை. அது கணக்குக் கேட்கப்படும் யூகம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

யூகம் என்ற சொல் இந்தத் துறைக்குப் புதிதல்ல. பார்வை என்பது மூளை தன்னை அறியாமல் செய்யும் ஓர் அனுமானம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே எழுதினார். மூளை இருப்பது வெளிச்சமே புகாத மண்டையோட்டுக்குள். அதற்கு வந்து சேருவது நிறமும் ஓசையும் அல்ல, மின்துடிப்புகள் மட்டுமே. அவற்றை வைத்து வெளியே என்ன இருக்கக்கூடும் என்று அது ஊகித்தாக வேண்டும். விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் பார்வையே கிடையாது, ஆனால் உங்கள் காட்சியில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை விழி தாவுகிறது, ஆனால் உலகம் தாவுவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். எதிரே நிற்பவருக்கு உங்கள் விழி அசைவது தெரியும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மூளையின் கம்பி இணைப்பே இதற்குச் சாட்சி. கண்ணிலிருந்து வரும் செய்தி தாலமஸ் என்ற சந்திப்பு வழியாகத்தான் புறணிக்குப் போகிறது. அந்தச் சந்திப்பில் இருக்கும் நியூரான்களுக்கு வரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். புறணியிலிருந்து கீழே இறங்கி வருபவை அதைவிட அதிகம். தாலுகா அலுவலகத்திலிருந்து கிராமத்துக்கு வரும் தபால், கிராமத்திலிருந்து போகும் தபாலைவிட அதிகம் என்பதுபோல. 1999இல் ராஜேஷ் ராவும் டானா பாலர்டும் இதற்கு ஒரு கணித மாதிரி தந்தார்கள். மேலிருந்து இறங்குவது எதிர்பார்ப்பு, கீழிருந்து ஏறுவது அந்த எதிர்பார்ப்பில் உள்ள பிழை மட்டும். எதிர்பார்த்தபடியே நடந்தால் மேலே சொல்ல ஒன்றுமில்லை. நம்மூர் கணக்குப்பிள்ளையும் இப்படித்தான், தொகை சரியாக இருக்கும் பக்கத்தை முதலாளியிடம் காட்டுவதில்லை.

யூகத்தின் விலையைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் கேழ்வரகு முற்றும் மாதங்களில் ஓர் இரவு பரணில் உட்கார்ந்தால் போதும். காட்டிலிருந்து யானை இறங்கும் காலம் அது. கையில் டார்ச், பக்கத்தில் பட்டாசு. நடு இரவில் கொல்லையின் ஓரத்தில் ஒரு கருப்பு. பகலில் அது புளியமரத்தடிப் பாறை என்று அந்த விவசாயிக்குத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் பார்ப்பது யானையைத்தான். காது அசைவதையும் பார்ப்பார். அவருக்கு என்ன கண் கோளாறா? இல்லை. பாறையை யானை என்று நினைத்தால் ஒரு பட்டாசு வீண். யானையைப் பாறை என்று நினைத்தால் பயிரோடு உயிரும் போகலாம். இரண்டு தவறுக்கும் விலை ஒன்றல்ல. வெளிச்சம் குறையக் குறைய, கண் தரும் செய்தியின் நம்பகம் குறைகிறது. அந்த இடத்தை எதிர்பார்ப்பு நிரப்புகிறது. விலை அதிகமான தவறைத் தவிர்க்கும் பக்கமாகத் தராசு சாய்கிறது. ரேடார் திரையில் விமானத்தையும் வெறும் இரைச்சலையும் பிரிப்பதற்காக வளர்ந்த கணிதம் இதைத்தான் சமன்பாடுகளில் சொல்கிறது. பரண்காரருக்கு அது சமன்பாடு இல்லாமலே தெரியும்.

அவர் பார்ப்பதையும், ‘பார்ப்பதாக நினைப்பதையும்’ பிரிக்க முடியுமா என்பது எனக்கு எப்போதும் எழும் கேள்வி. அவரைப் பொறுத்தவரை அங்கே இரண்டு படி இல்லை. முதலில் கருப்பு தெரிந்து, பிறகு யோசித்து, பிறகு யானை என்று முடிவு கட்டவில்லை. யானைதான் முதலில் தெரிகிறது.

ஓசையிலும் இதே கதைதான். ஓசூர்ச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடையில் ஒரே நிமிடத்தில் புழங்கும். தமிழை மட்டும் கேட்டு வளர்ந்தவர் அங்கே போனால் வல்லினத்தில் மூச்சு சேர்த்துச் சொல்லும் கன்னட ஒலிகளையும் சேர்க்காத ஒலிகளையும் எளிதில் பிரித்தறிய மாட்டார். காதில் குறை இல்லை. கேட்டுப் பழகாத வேறுபாட்டை மூளை வேறுபாடாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்குச் சுவையானது. இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ ஒலிகளை ஆங்கிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்துவிட்டன. ‘தட்டு’ என்ற சொல்லில் நமக்கு மலையும் மடுவுமாகக் கேட்கும் இரண்டு ஒலிகள் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றுதான்.

உடம்பையும் மூளை யூகித்தே வைத்திருக்கிறது. கை துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கை இருப்பதாகவும், விரல்கள் இறுகி வலிப்பதாகவும் உணர்பவர்கள் பலர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தினார். பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையை விரித்தால், இறுகியிருந்த ‘கையும்’ விரிவதைக் கண் பார்க்கிறது. சிலருக்கு வலி தளர்ந்தது. எல்லாருக்கும் அல்ல. வலியும் யூகம் என்றால் வலி பொய் என்று பொருளில்லை. அது உண்மையான வலி, திருத்த வேண்டிய கணக்குத்தான் வேறு இடத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னது அனுபவத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. அனுபவம் என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. தமிழில் இதற்கு நல்ல சொல் இல்லை என்று குறைப்படுவார்கள். நனவு, பிரக்ஞை, உணர்வுநிலை என்று புத்தகங்களில் எழுதுகிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. “நினைவு வந்துவிட்டதா?” என்றுதான் கேட்கிறார்கள். ஞாபகத்துக்கும் விழிப்புக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இனி நான் நினைவு என்பது ஞாபகத்தை அல்ல, அந்த உணர்வுநிலையைத்தான்.

யூகிக்கும் வேலை நினைவின்றியும் நடக்கும் என்பதுதான் இதில் சிக்கல். லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் 1974இல் விவரித்த ஒரு நோயாளிக்கு, அறுவை சிகிச்சையில் பார்வைப் புறணியின் ஒரு பகுதி நீக்கப்பட்டதால் காட்சியின் ஒரு பக்கம் முழுக்க இருட்டு. அந்தப் பக்கத்தில் ஒளி எங்கே இருக்கிறது என்று கேட்டால் “எனக்கு எதுவும் தெரியவில்லை” என்பார். சும்மா ஊகித்துச் சுட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியாகச் சுட்டுவார். பார்வையின் வேலை நடக்கிறது, பார்க்கும் அனுபவம் மட்டும் அங்கே இல்லை.

நியூரான்கள் நிறைய இருந்தால் நினைவு வந்துவிடும் என்பதும் சரியல்ல. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் என்றும், அதில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன என்றும் 2009இல் கணக்கிட்டார்கள். அந்தச் சிறுமூளையே இல்லாமல் பிறந்த 24 வயதுச் சீனப் பெண்ணைப் பற்றி 2014இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நடை தள்ளாடும், பேச்சு சற்றுக் குழறும். ஆனால் கல்யாணமாகி, ஒரு மகளும் உண்டு. நினைவில் குறையில்லை.

இது வெறும் தத்துவம் இல்லை. சாலை விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயை அறிந்தவர்களுக்குத் தலைக்காயம் என்ற சொல் புதிதல்ல. அசைவற்றுக் கிடக்கும் மகனிடம் பேசிக்கொண்டே இருக்கும் தாயை, “அவனுக்கு எதுவும் கேட்காது அம்மா” என்று எத்தனை பேர் அடக்கியிருப்பார்கள்! 2006இல் ஏட்ரியன் ஓவனின் குழு, விபத்துக்குப் பின் எந்தப் பதிலும் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. அசைவைத் திட்டமிடும் பகுதி ஒளிர்ந்தது. வீட்டுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது இடத்தை அறியும் பகுதிகள் ஒளிர்ந்தன. நலமானவர்களுக்கு ஒளிர்வதும் அதே இடங்கள்தான். 2024இல் வெளியான பல நாட்டு ஆய்வில், படுக்கையோரச் சோதனையில் கட்டளைக்குப் பதிலே தராத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. நால்வரில் ஒருவர். மீதி மூவரைப் பற்றி இந்த எண் நம்பிக்கை எதையும் தரவில்லை. ஆனால் அந்தத் தாயை அடக்க இனி யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து.

நினைவு எப்படி உண்டாகிறது என்பதற்குப் போட்டியிடும் விளக்கங்களில் இரண்டு பெரியவை. ஒன்று பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்து, பிறகு ஸ்டானிஸ்லாஸ் டெஹானே வளர்த்தது. அதை நான் தண்டோராக் கொள்கை என்று சொல்லிக்கொள்வேன். ஒரு வீட்டுக்குள் தெரிந்த செய்தி அந்த வீட்டோடு நிற்கும். தண்டோரா போட்டுவிட்டால் ஊரே அதை வைத்து நடந்துகொள்ளும். மூளையின் ஒரு மூலையில் கிடந்த செய்தி முன்மூளை வழியாக எங்கும் பரவும் கணம்தான் நினைவு என்கிறது அது. மற்றொன்று ஜூலியோ டொனோனி 2004இல் முன்வைத்தது. செய்தி எங்கும் பரவுவது அதற்குப் பொருட்டில்லை, பகுதிகள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குப் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கின்றன என்பதே கணக்கு. அந்தப் பின்னல் மூளையின் பின்பகுதியில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் முன்கூட்டியே தங்கள் கணிப்புகளை எழுதிவைத்து, 256 பேரிடம் ஒன்றாக நடத்திய சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. இருவருக்கும் சில கணிப்புகள் பலித்தன, இருவருக்கும் முக்கியமான ஒன்று பொய்த்தது. காட்சி மறையும் கணத்தில் முன்மூளை மீண்டும் துடிக்கும் என்றவர்களுக்கு அந்தத் துடிப்பு பெரும்பாலும் கிடைக்கவில்லை. பின்மூளைப் பகுதிகள் காட்சி நீடிக்கும் வரை ஒத்திசைந்திருக்கும் என்றவர்களுக்கு அந்த ஒத்திசைவு கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 1998இல், நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு ஒரு பந்தயம் கட்டியிருந்தார். 25 ஆண்டுக்குள் நினைவுக்கான தெளிவான மூளைத் தடயம் கிடைத்துவிடும் என்று. 2023இல் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

ஓட்டைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அருவிக்கே திரும்புவோம். கீழ்நோக்கும் நியூரான்கள் களைத்ததால்தான் பாறை ஏறுகிறது என்றால், களைப்பு ஆறும் நேரம் கொடுத்தால் மாயை போய்விட வேண்டும். வழக்கமாகச் சில நொடிகளில் அது ஓய்ந்தும்விடும். அக்கா மகனிடம் அருவியை இன்னொரு முறை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பாறையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். நான் அரை நிமிடம் எண்ணினேன். ஓய்வு போதும் என்று கண்ணைத் திறந்தான்.

“இன்னும் ஏறுகிறது, மாமா.”

இருட்டில் மாயை பெருமளவு அப்படியே காத்திருக்கும். அது களைப்பு மட்டும் என்றால் காத்திருக்காது. தொடர்ந்து கீழே விழும் உலகத்துக்கு ஏற்ப மூளை தன் தராசின் முள்ளை நகர்த்தி வைத்திருக்கிறது. கண் மூடியிருக்கும் வரை முள்ளைத் திருப்பி வைக்கச் சொல்லும் சாட்சி எதுவும் வரவில்லை, அதனால் திருப்பவில்லை. கண்ணைத் திறந்து, அசையாத பாறையைச் சில நொடி பார்த்த பிறகுதான் கணக்கு நேராகிறது. பையன் மறுபடியும் கண்ணை மூடினான். இந்த முறை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னான்.